மங்களம் என்பவர் நீக்கப்படுகிறார்

எங்கள் முதியோர் இல்லத்தில் மங்களம் என்ற பெயரில் ஓர் அமைப்பாளர் எட்டு மாதம் வேலை பார்த்தாள். அவளுக்குச் சான்றிதழ் இருந்தது, வாசலில் பெயர்ப்பலகை இருந்தது, வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்து இருந்தது. ஆள் மட்டும்தான் இல்லை. அவளை உண்டாக்கியதில் பாதிப் பங்கு என்னுடையது என்பதால், வேறு யாராவது திரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கோதண்டராமன். வில்லைத் தூக்கியவனின் பெயர். நான் வாழ்நாளில் தூக்கியதெல்லாம் தட்டச்சு இயந்திரத்தின் மேல் போர்த்தியிருந்த ரெக்சின் உறையைத்தான். செங்கம் சாலையில் கிரிவலப் பாதை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த அந்த இல்லத்தில் 1975 முதல் நான் எழுத்தர். முதியவர்கள் முப்பத்திரண்டு பேர். சமையலுக்கு இரண்டு பேர். மேற்பார்வைக்கு அரிசி மில் வைத்திருந்த பலராமன் செயலாளர். மற்ற எல்லாவற்றுக்கும் மண்ணாங்கட்டி.

அது திட்டு இல்லை, பெயர். கலசபாக்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவள் அம்மாவுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும், குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மரக்கால் தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். எமன் வந்து பார்த்தாலும், இது எதற்கு நமக்கு என்று விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊருக்கு நாலு பேர் இந்தப் பெயரில் இருந்தார்கள். இவள் பிழைத்தாள். அந்த அம்மாள் சாகும்வரைக்கும் மகளைக் கண்ணே என்றோ தங்கமே என்றோ கூப்பிட்டதில்லையாம். அவ்வளவு ஜாக்கிரதை.

கட்டியவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. 1974இல் பெருக்கித் துடைக்க வந்தவள், தானிய அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையிலேயே குடியிருந்தாள்.

முதியோர் இல்லத்தில் கெட்ட நேரம் எது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. மதியம் இரண்டு மணி. சாப்பாடு முடிந்துவிடும், காபிக்கு நாலு மணி ஆகும், தூக்கமும் வராது. மகன் ஏன் கடிதம் போடவில்லை என்ற யோசனை சரியாக அந்த நேரத்துக்குத்தான் வரும். நான் சேர்ந்த புதிதில் கவனித்தேன், ஒரு மணி ஐம்பதுக்கெல்லாம் மண்ணாங்கட்டி நாலைந்து முறங்களோடு தாழ்வாரத்துக்கு வந்துவிடுவாள். நிலக்கடலை அறுவடைக் காலத்தில் உரிப்பதற்கு மல்லாட்டை. மற்ற மாதங்களில் மொச்சையும் காராமணியும் கலந்து கிடக்கும், அதைத் தனித்தனியாகப் பொறுக்க வேண்டும்.

"கடைக்காரன் கண்ணு தெரியாதவன் போலக்கீது, கலந்து குடுத்துட்டான். கொஞ்சம் பாத்துக் குடுங்க நைனா" என்பாள். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சின்னசாமி கடைக்காரனைத் திட்டிக்கொண்டே உட்காருவார். தேரடித் தெருவில் முப்பது வருஷம் காய்கறி விற்ற காசியம்மாள், அவர் பொறுக்கியதில் தப்புக் கண்டுபிடிப்பாள். சண்டையும் பேச்சுமாக நாலு மணி ஆகிவிடும். காபி வரும்.

எங்கள் சமையலறையில் மொச்சை சமைத்ததே கிடையாது என்பது எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது. சாயங்காலம் தானிய அறையில் அவளே இரண்டையும் கலந்து வைப்பாள். மறுநாள் அவர்கள் பிரிப்பார்கள். அதே மொச்சை, அதே காராமணி. நான் கேட்டதற்கு, "யாருகிட்டயும் சொல்லிடாத சார்" என்றாள். சொல்லவில்லை.

1982 கடைசியில் புதுத் திட்டம் ஒன்று வந்தது. மானியம் வாங்கும் ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் பயிற்சி பெற்ற மனமகிழ் அமைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்து, ஐந்து வருஷம் இல்லத்திலேயே வேலை பார்த்தவராக இருந்தால் போதும். அதே காகிதத்தின் கீழ்ப் பாதியில், நாற்பத்தைந்து வயது தாண்டிய தினக்கூலி ஆயாக்களை மார்ச் மாதத்தோடு விடுவிக்கலாம் என்றும் இருந்தது. முதியவர்களை மகிழ்விக்கத் திட்டம் போட்டவர்கள், அந்த மகிழ்ச்சியை இவ்வளவு நாள் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யோசிக்கவில்லை.

மண்ணாங்கட்டிக்கு அப்போது நாற்பத்தாறு. வேலையில் வைத்துக்கொள்ள ஒரு வயது அதிகம். இல்லத்தில் முதியவராகச் சேர்த்துக்கொள்ளப் பதினாலு வயது கம்மி. அமைப்பாளர் ஆனால் அந்தச் சின்ன அறை அவளுக்கு. ஆகாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அஞ்சாம் வகுப்பு படித்திருந்தாள், ஒன்பது வருஷ வேலை இருந்தது. பயிற்சிக்கு அனுப்ப அவளை விட்டால் ஆளும் இல்லை. பலராமன் அரை மனதோடு கையெழுத்துப் போட்டார்.

வேலூரில் மூன்று வாரப் பயிற்சி. முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தவர் வேதா என்ற அம்மையார், சென்னைக்காரர். நடந்ததை மண்ணாங்கட்டி பிறகு எனக்குச் சொன்னாள்.

"உங்க பேரு?"

"மண்ணாங்கட்டிங்க."

"பேரைக் கேட்டேம்மா."

"அதாங்க, மண்ணாங்கட்டி."

வேதா அம்மையார் பதிவேட்டை மூடிவிட்டாராம். "இஷ்டம் இல்லன்னா ஊருக்குப் போயிடலாம். இங்க யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல."

மதியம்வரை இவள் வெளியே தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றிருக்கிறாள். அப்புறம்தான் பையில் அவள் பெயரைப் போட்டு நான் அடித்துக் கொடுத்த கடிதம் இருப்பது ஞாபகம் வந்து நீட்டியிருக்கிறாள். படித்துப் பார்த்த அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து இவளிடம் தனிக் கனிவு. அந்தக் கனிவுதான் வினையாக முடிந்தது.

பயிற்சியில் பந்து எறிதல், காகிதப் பூ செய்தல், கைதட்டிப் பாடுதல், முதியோர் மனவியல் என்று நாலு பாடம். பயிற்சி பெறுகிறவர்களில் பாதிப் பேர் முதியவர்களாக நடிக்க, மீதிப் பேர் அவர்களை மகிழ்விக்க வேண்டும். இவள் முதியவராக நடித்தபோது நிஜமாகவே தூங்கிவிட்டாள். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. உங்கள் இல்லத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது மொச்சைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். முதியோரை வேலை வாங்குவது விதிக்கு விரோதம் என்று அம்மையார் கண்டித்தார். கண்டித்துக்கொண்டே நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் சான்றிதழில் பெயர் எழுதும்போது பேனாவை நிறுத்தினாராம். "இவ்வளவு நல்லா பண்ணியிருக்கீங்க, சர்டிபிகேட்ல போய் இப்படி ஒரு பேரா? மங்களம்னு எழுதிடறேன். இனிமே உங்களுக்கு எல்லாமே மங்களம்தான்." கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"முப்பது பேரு கைதட்டுறாங்க சார். அந்த நேரத்துல வேணாம்னு எப்படி சொல்றது?" என்றாள் என்னிடம்.

பலராமனுக்குப் பெயர் பிடித்துவிட்டது. "லட்சணமா இருக்குது. அப்படியே இருக்கட்டும்" என்றார். நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். பதிவேட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் மண்ணாங்கட்டி, அவளுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் வாங்கியவள் மங்களம், அவள் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. மண்ணாங்கட்டி என்கிற மங்களம் என்று போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னேன்.

"வேணாம் சார்" என்றாள் அவள். "போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ஒட்டி வச்சிருப்பாங்களே, அந்தப் போட்டோவுக்குக் கீழதான் என்கிறன்னு போடுவாங்க."

பலராமனுக்கு வேறு கவலை. "என்கிறன்னு போட்டா அபிடவிட் கேப்பான், தாசில்தார் கையெழுத்து கேப்பான், கெஜட் கேப்பான். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள லிஸ்ட் போயாவணும். மங்களம்னே அடிய்யா."

அடித்தேன். 'மங்களம் என்பவர் இவ்வில்லத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் திருப்திகரமாகப் பணியாற்றி வருகிறார்' என்று இரண்டு கார்பன் வைத்து அடித்தேன். ஆயாக்கள் பட்டியலில் இருந்த மண்ணாங்கட்டியை ஒரே கோடாக அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஊதியமில்லா விடுப்பில் இருக்கிறாள் என்று எழுதி, அந்தப் பட்டியலையும் அதே உறையில் வேலூருக்கு அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் அவள் வந்து கேட்டாள். "அப்ப மண்ணாங்கட்டி இன்னா ஆனா சார்?"

"சம்பளம் இல்லாத லீவுல இருக்கா."

"எமன ஏமாத்த எங்கம்மா ஒரு பேரு வச்சா. கவர்மெண்ட ஏமாத்த நீங்க ஒரு பேரு வச்சிருக்கீங்க. ரெண்டு பேர்ல யாரு மொதல்ல வருவாங்கன்னு தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. யாராவது மங்களம் என்று கூப்பிட்டால் பதறிப்போய் வாசலைப் பார்ப்பாள். தன் அம்மா நாற்பத்தாறு வருஷம் மூடி வைத்ததை மூன்று வாரத்தில் திறந்துவிட்டோம் என்று அவளுக்குப் பயம். அதை அப்போது நான் லேசாக எடுத்துக்கொண்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

பெயர்ப்பலகை வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து: மங்களம், மனமகிழ் அமைப்பாளர். மொச்சைக்குத் தடை. மதியம் இரண்டு மணிக்கு சிவப்பு ரப்பர் பந்தோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். முதல் பந்தை சின்னசாமிக்குப் போட்டாள். அவர் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"திருப்பிப் போடுங்க நைனா."

"நீதானே குடுத்த. வேணும்னா உன்கிட்டயே வச்சிருக்க வேண்டியதுதானே."

பந்து அவர் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்துத் தானிய அறையிலிருந்து முறங்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்தன.

சான்றிதழ் தற்காலிகமானது. ஆறு மாதத்துக்குள் அதிகாரி நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதினால்தான் நிரந்தரம். முருகையன் என்ற அதிகாரி ஆகஸ்டில் வருகிறார் என்று கடிதம் வந்ததும் பலராமன் மூன்று நாள் ஒத்திகை நடத்தினார். அதிகாரி வந்துவிட்டுப் போகும்வரைக்கும் மொச்சை டின்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். படுக்கையில் இருந்தவர்களைத் தவிர எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துச் சொன்னார்: "யார் கேட்டாலும் மங்களம்னு சொல்லணும். பந்து, பாட்டு, காகிதப் பூ. வேற எதுவும் வாயில வரக்கூடாது."

"சரிங்க" என்றார்கள். அவ்வளவு பணிவாக அவர்கள் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முருகையன் நல்ல மனிதர். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னசாமியிடம் கனிவாகத்தான் கேட்டார். "மங்களம் உங்களுக்கு என்னென்ன சொல்லித் தர்றாங்க பெரியவரே?"

சின்னசாமி கையிலிருந்த காகிதப் பூவை ஒரு தடவை பார்த்தார். "எங்களுக்கு எல்லாமே மண்ணாங்கட்டிதான் சார்."

முருகையன் திடுக்கிட்டுப்போய்க் காசியம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. மங்களம் என்ன பண்றாங்க?"

"மங்களமா? எங்க வந்தா அவ?" என்றாள் காசியம்மாள். "மண்ணாங்கட்டி."

"எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறீங்களா?"

முப்பத்திரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி சேர்ந்து சொன்னார்கள். மண்ணாங்கட்டி. படுத்த படுக்கையாக இருந்தவர்கள்கூட உள்ளேயிருந்து சொன்னார்கள். எங்கள் ஆட்கள் அவ்வளவு சந்தோஷமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. தூணுக்குப் பக்கத்தில் சிவப்புப் பந்தோடு நின்றிருந்த அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவமானத்தால் அழுகிறாள் என்று முருகையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறிக்கையை என் அறையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "மங்களம் என்பவர் தங்களுக்கு என்ன கற்றுத் தருகிறார் என்று கேட்டதற்கு, முதியோர் அனைவரும் ஒரே குரலில் மண்ணாங்கட்டி என்றனர்."

என் விரல் நின்றது. "சார், மண்ணாங்கட்டின்றது" என்று ஆரம்பித்தேன். அவருக்குப் பின்னால் நின்றிருந்த பலராமன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நியாயமான பார்வைதான். அது பெயர் என்று சொன்னால், அப்படியானால் மங்களம் யார் என்பார். ஒன்பது வருஷச் சான்று அடித்தவன் யார் என்பார். நான் வில்லைத் தூக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் விரல் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் சொன்ன வாக்கியத்தில் மங்களத்தை விட்டுவிட்டேன், 'என்ன' என்ற இடத்தில் 'யார்' என்று அடித்தேன். 'தங்களுக்கு யார் கற்றுத் தருகிறார் என்று கேட்டதற்கு, முதியோர் அனைவரும் ஒரே குரலில் மண்ணாங்கட்டி என்றனர்.' வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் முருகையன் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை காசியம்மாளைப் பிடித்துக் கேட்டேன். "மூணு நாளா சொல்லிக் குடுத்தோமே, மங்களம்னு சொன்னா என்ன?"

"நீ படிச்ச ஆளு சார்" என்றாள். "அவளுக்கு நல்லது நடக்கணும்னா அவ பேரத்தானே சொல்லணும். மங்களம்னு சொல்லி, மார்க்கு வேற எவளுக்காச்சும் போயிடுச்சின்னா?"

நவம்பரில், தீபத்துக்குக் கொடியேறிய வாரத்தில், உத்தரவு வந்தது. முதல் பத்தியை இரண்டு தடவை படித்தேன். 'மனமகிழ் அமைப்பாளர் மங்களம் என்பவர் பணியாற்றியதற்கான சுவடே முதியோரிடம் காணப்படாததால், அவர் உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' இரண்டாவது பத்தி: 'ஊதியமில்லா விடுப்பில் இருந்துகொண்டும் முதியோருக்குத் தொடர்ந்து தொண்டாற்றி வரும் ஆயா மண்ணாங்கட்டியை, வயது வரம்பைத் தளர்த்தி, அப்பணியிடத்தில் நியமிக்கலாம்.' மூன்றாவது பத்தி: 'எனினும் இவர் பயிற்சி பெற்றவர் அல்லர் என்பதால், வேலூரில் ஜனவரியில் தொடங்கும் மூன்று வாரப் பயிற்சிக்கு உடனே அனுப்பி வைக்கவும்.'

நான் படித்துக் காட்டியதும் அவள் கேட்டது ஒன்றுதான். "மங்களம் போயிட்டாளா சார்?"

"டிஸ்மிஸ்."

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஜனவரியில் மறுபடி வேலூருக்குப் போனாள். முதியவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்க அவள் போனதால், முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. சாயங்காலம் மொச்சையையும் காராமணியையும் நானே கலந்து வைத்தேன். முறையாகச் செய்ய வேண்டும் என்று பாதிக்குப் பாதி கலந்தேன். மறுநாள் நாலரை மணி வரைக்கும் முடியவில்லை. காபி ஆறிக் கிடந்தது.

"நீ ஜாஸ்தி கலந்துட்ட சார்" என்றாள் காசியம்மாள். "அவ கம்மியாத்தான் கலப்பா. ஒரு படிக்கு ஒரு கைப்பிடி. காபிக்குள்ள முடிஞ்சிடணும்ல. முடியலன்னா கையெல்லாம் ஒரு மாதிரி இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவ கலக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

சின்னசாமி ஒரு மொச்சையை எடுத்துக் காட்டினார். "ஒன்பது வருஷமா இதே மொச்சையத்தான் பொறுக்கறேன். ஒண்ணொண்ணோட மூஞ்சியும் எனக்குத் தெரியும்."

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நாளைக்கு அவ இன்னா பண்ணுவா?" என்றார். "புருஷன் இல்ல, புள்ள இல்ல. பாவம், அவளுக்கும் பொழுது போவணும்ல சார்."

யார் யாருக்கு அமைப்பாளர் என்று தெரியாமல் ஒன்பது வருஷம் அந்தத் தாழ்வாரத்துக்குப் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தாழ்வாரத்துக்கு வந்து சான்றிதழை என்னிடம் நீட்டினாள். முதல் நாள் வேதா அம்மையார் இவளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். இவள் தன் பெயரைச் சொன்னாளாம். அம்மையார் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டாராம். பாடத்திட்டத்தில் இந்தத் தடவை புதுப் பாடம் ஒன்று: தானியம் பிரித்தல், விரல்களுக்கும் மனத்துக்குமான பயிற்சி. பாடக் குறிப்பே அச்சடித்துக் கொடுத்தார்களாம்.

எல்லாரும் கேட்க மதிப்பெண்களைப் படித்தேன். பந்து எறிதல் எழுபது. கைதட்டிப் பாடுதல் எழுபத்திரண்டு. தானியம் பிரித்தல் நாற்பத்தெட்டு.

"இன்னாது?" என்றாள் காசியம்மாள்.

"ரெண்டையும் எந்த அளவுல கலக்கணும்னு கேட்டிருந்தாங்க" என்றாள் மண்ணாங்கட்டி, தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு படிக்கு ஒரு கைப்பிடின்னு எழுதினேன். அது தப்பாம். பாதிக்குப் பாதின்னு எழுதணுமாம்."

சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யாருக்கும் எதுவும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. சின்னசாமி காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"மார்க்கு போட்டவள இங்க வரச் சொல்லு" என்றாள் காசியம்மாள் என்னிடம். "எதுக்குக் கொறச்சிப் போட்டாளோ, எங்களுக்குத் தெரியாது. ஆனா வரச் சொல்லு."

மண்ணாங்கட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மார்க்கு கெடக்குது சார். பேரு மட்டும் இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் படித்தேன். வாங்கிப் பெட்டியில் வைத்தாள். பிறகு தானிய அறைக்குப் போய் மொச்சை டின்னை இறக்கினாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள். ஒரு கைப்பிடி அள்ளுவது தாழ்வாரத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. முதியவர்கள் எல்லாரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.